சான் ஹோசே கோர்ட்டில் விவாகரத்து நகல்: பழைய நகல் பிரிவுக்காரன் ஒருவனின் மதிப்பீடு

மதிப்பெண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பது பின்னால் வரும். கவுண்டரில் இருந்தவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் தென் மாவட்டத்துக் கோர்ட் ஒன்றில் நகல் எடுக்கும் காப்பியிஸ்ட்டாகச் சேர்ந்து, வெகுகாலம் அந்த நகல்களைச் சரிபார்க்கும் எக்ஸாமினராக இருந்து, கோர்ட்டின் தலைமை எழுத்தரான சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். மூலத்தை ஒருவர் வாசிக்க, நகலை நான் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு கமா விட்டுப்போனாலும் வட்டம் போடுவேன். அந்தக் கண்ணோடுதான் கலிபோர்னியாவில், சான் ஹோசே ஊரில் இருக்கும் சான்டா கிளாரா கவுன்ட்டியின் குடும்ப நீதிமன்றத்துக்குள் நுழைந்தேன். கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி.

போன காரியம், சன்னிவேலில் இருக்கும் என் மகளுடைய விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல். கோயம்புத்தூரில் அவளுக்கு மறுமணம் பேசி முடித்திருக்கிறோம். கல்யாணமும் பதிவும் தமிழ்நாட்டில்தான். மாப்பிள்ளை வீட்டு வக்கீல் போனில், "ஒரிஜினல் ஆர்டர் வேணும் சார்" என்றார். ஒரிஜினல் எந்த நாட்டிலும் கேஸ் கட்டை விட்டு வெளியே வராது, நமக்குக் கிடைப்பது சான்றிட்ட நகல்தான் என்றேன். "அது தெரியும் சார், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். மகளிடம் இருந்ததோ அவளுடைய அமெரிக்க வக்கீல் அந்தக் காலத்தில் மெயிலில் அனுப்பிய பிடிஎஃப். முத்திரை கிடையாது, சான்று கிடையாது. அதை வைத்து வீட்டுக் கதவில் ஒட்டலாம், சார்பதிவாளர் மேஜையில் வைக்க முடியாது.

எங்கே கேட்பது என்பதிலேயே பாதிப் பேர் சுற்றுகிறார்கள். பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்களைத் தருவது கவுன்ட்டி கிளார்க் ரெக்கார்டர் அலுவலகம். அதே பழக்கத்தில் விவாகரத்துக்கும் அங்கேதான் போகத் தோன்றும். ஆனால் விவாகரத்து கோர்ட் தீர்ப்பு. அதன் கட்டு, வழக்குப் போட்ட கவுன்ட்டியின் சுப்பீரியர் கோர்ட்டில், அதாவது அங்குள்ள விசாரணை நீதிமன்றத்தில் இருக்கும். கல்யாணம் எங்கே நடந்தது என்பது பொருட்டில்லை. என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மண்டபத்தில், கட்டு இருப்பது சான் ஹோசேயில். மாநிலப் பொதுசுகாதாரத் துறையில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அவர்கள் தருவது 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளுக்கு மட்டும், அதுவும் இப்படி ஒரு பதிவு உண்டு என்ற சான்று, தீர்ப்பின் நகல் அல்ல. இது கலிபோர்னியாவின் ஏற்பாடு. டெக்சாஸ் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் போக வேண்டும். நியூயார்க்கில் கவுன்ட்டி கிளார்க்கிடம் கட்டு இருந்தாலும் சம்பந்தப்பட்ட கணவன், மனைவி, அவர்களுடைய வக்கீல் தவிர மற்றவர்களுக்குக் காட்டமாட்டார்கள்.

கூகுளில் தேடினால் கோர்ட்டின் சொந்த இணையதளத்துக்கு முன்னாலேயே விளம்பரம் வந்து நிற்கும். "எந்த விவாகரத்தையும் இரண்டே நிமிடத்தில்" என்ற தோரணையில். மகளின் தோழி ஒருத்தி அப்படி ஒரு தளத்தில் பணம் கட்டினாள். வந்தது பெயரும் வருடமும் கவுன்ட்டியும் போட்ட ஒரு தாள். அதன் அடியில், இது அதிகாரபூர்வ ஆவணம் அல்ல என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி. நம் ஊர் கோர்ட் வாசலில் புளியமரத்தடியில் நிற்கும் ஆசாமிகளாவது கேஸ் நம்பரையாவது சரியாகக் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். கோர்ட்டின் தளத்திலேயே பெயரை வைத்தோ வழக்கு எண்ணை வைத்தோ தேடலாம். என்னென்ன தாக்கல் ஆனது என்ற தேதிவாரிப் பட்டியல் வரும். நம் வழக்குப் பதிவேடுதான் அது. ஆனால் குடும்ப வழக்கின் தாள்களை வெளியார் வீட்டிலிருந்து திறந்து படிக்க முடியாது. மாநில விதி அப்படி. கோர்ட்டுக்குப் போனால்தான் பார்க்கலாம்.

பெயரில் ஒரு சிக்கல் நம்மவர்களுக்கென்றே இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிடுவதால், அமெரிக்காவில் அதுவே குடும்பப் பெயர் ஆகிவிடும். என் மகள் கணவன் பெயருக்கு மாறவில்லை. அதனால் அவள் பெயரைத் தேடினால் ஒன்றும் வராது, என் பெயரைத் தேட வேண்டும். தேடினோம். மனுதாரர் இடத்தில் என் பெயர் முன்னால் நிற்க, கமா போட்டு அவள் பெயர் பின்னால் வந்தது. எத்தனையோ வழக்குத் தலைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தவன்தான். இருந்தாலும் அந்த இடத்தில் என் பெயரைப் பார்த்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "என்னப்பா?" என்றாள். "ஸ்பெல்லிங் சரியா இருக்கும்மா" என்றேன். நீங்கள் தேடும்போது முதலெழுத்து, அப்பா பெயர், கணவர் பெயர் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வழக்குப் போட்ட நாளில் என்ன பெயரோ அந்தப் பெயரில்தான் இருக்கும், இன்றைய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் அல்ல. பெயரோடு வழக்கு எண்ணையும் குறித்துக்கொண்டு போவது நல்லது. கோர்ட்டே தேட வேண்டி வந்து, அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால், தேடுகூலி 15 டாலர்.

கட்டடம் புதிது, 2016-ல் திறந்தது. அதற்கு முன் குடும்ப வழக்குகள் ஊரில் பல கட்டடங்களில் சிதறிக் கிடந்தனவாம். வாசலில் பெல்ட், சாவி, போன் எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். என் வெற்றிலைப் பெட்டியைக் காவலர் திறந்து பார்த்து, மோந்து பார்த்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். உள்ளே சத்தமே இல்லை. நம் கோர்ட் வராந்தாவில் இருக்கும் தேநீர், டைப்ரைட்டர், "ஆஜர்" குரல் எதுவும் கிடையாது. ஒரு ஓரத்தில் ஒரு பையன் தரையில் உட்கார்ந்து கலர் பென்சிலால் எதையோ வரைந்துகொண்டிருந்தான். அப்போதுதான் இது என்ன கோர்ட் என்பது எனக்கு உறைத்தது.

கவுண்டரில் ஒரு படிவம். வழக்கு எண், இரு தரப்புப் பெயர், வேண்டிய ஆவணம், எத்தனை பிரதி, சான்று வேண்டுமா வேண்டாமா. சான்று வேண்டும் என்ற கட்டத்தில் குறி போடாவிட்டால் வெறும் ஜெராக்ஸ்தான் வரும். அதற்குப் பக்கத்துக்கு 50 சென்ட். விவாகரத்துத் தீர்ப்புக்குச் சான்றுக் கட்டணம் 15 டாலர், பக்கக் கூலி தனி. இந்த 15 டாலர் சலுகை விவாகரத்துப் பதிவுக்கு மட்டும்தான், கோர்ட்டின் மற்ற ஆவணங்களுக்குச் சான்று வைக்க 40 டாலர். கவுண்டரில் இருந்த பெண்மணி எங்கள் படிவத்தை ஒருமுறை படித்தார், திரையில் பார்த்தார், எத்தனை பக்கம், எவ்வளவு தொகை என்று சொன்னார். ஸ்டாம்ப் பேப்பர் கேட்கவில்லை. எங்கள் காலத்தில் நகல் மனு போட்டால், எத்தனை முத்திரைத்தாள் என்று கணக்குப் போட்டு நோட்டீஸ் பலகையில் ஒட்டுவோம். கட்சிக்காரர் அதைப் பார்த்து வாங்கிக் கட்டினால்தான் வேலை நகரும். இங்கே மகள் கார்டைத் தேய்த்தாள், அவ்வளவுதான். அன்றே கையில் கிடைத்தது.

இந்த மதிப்பீட்டை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இனிமேல் சொல்லப்போவதுதான்: எந்தத் தாளைக் கேட்பது?

கவுண்டரில் கேட்டதைத் தருவார்கள், கேட்காததைத் தரமாட்டார்கள், எது உங்களுக்குத் தேவை என்றும் சொல்லமாட்டார்கள். சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது என்பது அவர்களுக்கு விதி. எங்களுக்கும் அப்படித்தான், ஆனால் நாங்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. "டைவர்ஸ் பேப்பர்" என்று பொதுவாகக் கேட்டால் குழப்பம்தான். கலிபோர்னியாவில் தீர்ப்பு என்பது எஃப்.எல். 180 என்ற எண்ணுள்ள படிவம். கட்டம் கட்டமாகக் குறி போட்ட இரண்டு பக்கம், நீதிபதி கையெழுத்து. எஃப்.எல். 190 என்பது தீர்ப்பு பதிவாகிவிட்டது என்று இரு தரப்புக்கும் கோர்ட் அனுப்பும் அறிவிப்பு. நிறையப் பேர் இந்த அறிவிப்பை வைத்துக்கொண்டு தீர்ப்பு கையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

எஃப்.எல். 180-ஐ நான் எக்ஸாமினர் பழக்கத்தில் விரல் வைத்துப் படித்தேன். நாலாவது அயிட்டத்தில் ஒரு தேதி இருக்கும், திருமண பந்தம் முடிவுக்கு வரும் தேதி. நீதிபதி கையெழுத்திட்ட தேதியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எதிர்தரப்புக்குச் சம்மன் சேர்ந்த நாளிலிருந்து, அல்லது அவர் ஆஜரான நாளிலிருந்து, ஆறு மாதம் ஆகாமல் பந்தம் முறியாது என்பது அங்குள்ள சட்டம். ஆகவே சில வழக்குகளில் கையெழுத்து முன்னால், முடிவுத் தேதி பின்னால். சார்பதிவாளர் அலுவலகப் படிவத்தில் விவாகரத்துத் தேதி என்று கேட்டால் இந்த நாலாவது அயிட்டத்தைப் பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது அயிட்டம் இன்னும் முக்கியம். வழக்கு எப்படி விசாரிக்கப்பட்டது என்ற இடத்தில் "டிஃபால்ட் ஆர் அன்கன்டெஸ்டட்" என்று, அதாவது எதிர்தரப்பு பதில் சொல்லவில்லை அல்லது எதிர்க்கவில்லை என்று, ஒரே கட்டம். இருவரும் பேசி ஒத்துக்கொண்டு முடித்த வழக்கிலும் அந்தக் கட்டத்தில் குறி இருக்கலாம். நம் ஊர் வக்கீல் அதைப் பார்த்தால் முதல் கேள்வி: "எக்ஸ்பார்ட்டியா சார்?" எதிர்தரப்பு வராமலே கொடுத்த தீர்ப்பா என்று அர்த்தம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1970 முதல், சேர்ந்து வாழ ஒத்துவரவில்லை என்பதே போதும், யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். நம் இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணம் இல்லை. 1991-ல் நரசிம்ம ராவ் – வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அலசியது. திருப்பதியில் கல்யாணம், அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் விவாகரத்து. நம் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, எதிர்தரப்பு ஒப்புக்கொள்ளாத நிலையில் கொடுத்த வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்றது. எதிர்தரப்பு மனமொப்பிச் சம்மதித்திருந்தால் விதிவிலக்கு. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: வெளிநாட்டுத் தீர்ப்பின் ஜெராக்ஸை நீட்டினால் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது, முறைப்படி சான்று வேண்டும். எங்கள் பிரிவில் இந்த வழக்கைச் சொல்லியே புது ஆட்களுக்கு நகலின் அருமையை விளக்குவோம்.

ஆகவே சம்மதத்தைக் காட்டுவது எது? தீர்ப்போடு இணைத்த உடன்படிக்கை. சொத்து, பாத்திரம், நகை என்று எல்லாவற்றையும் பிரித்து எழுதி, இருவரும் கையெழுத்திட்டது. வெறும் எஃப்.எல். 180 என்று கேட்டால் இரண்டு பக்கத்தோடு நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. "இணைப்புகள் அனைத்துடன் முழுத் தீர்ப்பு" என்று படிவத்திலேயே எழுதினோம். வந்த கட்டில் கடைசிப் பக்கங்களில் மகளின் கையெழுத்தும் அவளுடைய முன்னாள் கணவனின் கையெழுத்தும் இருந்தன. பக்க எண்களை நான் கவுண்டரிலேயே நின்று எண்ணினேன். பின்னால் இருந்தவர் பொறுத்துக்கொண்டார். கோப்பில் உள்ள மூலத்தின் முழுமையான, உண்மையான, சரியான நகல் என்ற வாசகம், முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. எழுத்து ஒன்றும் மங்கவில்லை, ஓரம் ஒன்றும் வெட்டுப்படவில்லை. தொழில்முறையில் சொல்கிறேன், சுத்தமான நகல்.

ஒரே ஒரு ஏக்கம். நம் நகலின் பின்பக்கம் மனு போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று வரிசையாக ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். மேல்முறையீட்டுக் கெடுவில் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அது ஒரு உரிமை. இங்கே பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அன்றே கொடுத்துவிடுபவர்களுக்கு அது எதற்கு என்று மகள் கேட்டாள். பதில் சொல்லவில்லை.

இப்போது அந்த ஒரு மதிப்பெண். கோர்ட் நகல் மட்டும் இந்தியாவில் போதாது, அதில் கையெழுத்திட்டவர் நிஜமாகவே அந்தப் பதவியில் இருப்பவர்தான் என்று சொல்லும் அப்போஸ்டில் வேண்டும். 1961-ஆம் வருட ஹேக் உடன்படிக்கையின் ஏற்பாடு இது. அமெரிக்கா 1981-லும் இந்தியா 2005-லும் இதற்குள் வந்தன. அதைக் கவுன்ட்டி கோர்ட் தராது. மாநிலச் செயலர் அலுவலகம்தான் தரும், அதுவோ சாக்ரமென்டோவில், சான் ஹோசேயிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். தபாலிலும் அனுப்பலாம். ஒரு கையெழுத்துக்கு 20 டாலர், நேரில் போனால் கூடுதலாக 6 டாலர். மகள் லீவு போட்டுக் காரில் அழைத்துப் போனாள், உட்கார்ந்திருந்து வாங்கி வந்தோம். ஒரே தாளுக்கு இரண்டு ஊர் சுற்ற வைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ஒன்றைக் குறைத்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது யாருடைய கையெழுத்து என்பது. மாநிலச் செயலர் அலுவலகம் ஏற்கும் பட்டியலில் சுப்பீரியர் கோர்ட்டின் நிர்வாக அதிகாரியும் நீதிபதிகளும் இருக்கிறார்கள். அதனால் கவுண்டரிலேயே, "இது வெளிநாட்டுக்கு, அப்போஸ்டில் வாங்கப் போகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னோம், அதற்கேற்றபடி போட்டுக் கொடுத்தார்கள். அப்போஸ்டில் தாளைத் தீர்ப்போடு பின்னடித்துத் தருவார்கள். ஜெராக்ஸ் எடுக்கிறேன் என்று அந்தப் பின்னைக் கழற்றிவிடாதீர்கள். கழற்றிய தடம் இருந்தால் வாங்குகிறவருக்குச் சந்தேகம் வரும். மடித்துத் திருப்பி எடுக்கலாம், கொஞ்சம் கோணலாக வரும், பரவாயில்லை.

ஒரு விஷயம் எனக்கு ஒட்டவில்லை. கலிபோர்னியாவில் இந்தக் கட்டு பொது ஆவணம். சம்பந்தமே இல்லாத ஒருவர் கோர்ட்டுக்குப் போய் என் மகளின் உடன்படிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஏன் என்று கேட்கமாட்டார்கள். எங்கள் கோர்ட்டில் வழக்கில் இல்லாதவர் நகல் கேட்டால் காரணம் சொல்லி மனு போட வேண்டும். மகளுக்கு இதில் குறையில்லை. "ஒளிக்க என்னப்பா இருக்கு" என்கிறாள். பெண் வீட்டு விஷயத்தை அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் நம் சம்பந்திகள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் சரி.

அங்கே போக முடியாதவர்கள் தபாலில் கேட்கலாம். கடிதத்தில் வழக்கு எண், இரு பெயர், வருடம், முழுத் தீர்ப்பு இணைப்புகளுடன், சான்றுடன் என்று எழுதி, முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கவரையும் வையுங்கள். பக்கம் எத்தனை என்று தெரியாததால் தொகையை எழுத முடியாது. அங்கே பழகிய வழி, இந்தத் தொகைக்கு மேல் போகக்கூடாது என்று எழுதிய காசோலை. அவர்கள் உரியதை நிரப்பிக்கொள்வார்கள். எப்படியானாலும் இரண்டு நகலாக வாங்கி, ஒன்றுக்கு அப்போஸ்டில் போட்டுவிட்டு, மற்றதை மகளோ மகனோ வைத்துக்கொள்ளட்டும்.

நேரில் போகிறவர்களுக்கு: 201, நார்த் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட். வி.டி.ஏ. லைட் ரயிலில் செயின்ட் ஜேம்ஸ் நிறுத்தம் பக்கம்தான். கவுண்டர் நேரத்தைக் கோர்ட்டின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டி இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.